பால் கவர் தார் ரோடாகும், பிரித்துக் கொடுத்தால்!

(நமது கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் எல்லாம் பேசி முடித்துவிட்டோம். சாப்பாட்டுக்கு முன்னால் நமக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, "தொழிற்சாலைகளும் புதிய தொழில்நுட்பமும் சுற்றுச்சூழல் கேட்டைக் குறைக்க எப்படி உதவும்?" என்பது. தலைப்பை வாசித்ததுமே முன்வரிசையில் ஒரு அம்மா கேட்டார்கள்: "இது நமக்கு எதுக்கு மேடம்? கலெக்டர் ஆபீஸ்லயும் கம்பெனியிலயும் பேச வேண்டியதுல்ல?"

நல்ல கேள்வி. தொழிற்சாலை நம்முடையது இல்லை, மெஷினும் நம்முடையது இல்லை. பிறகு நாம் ஏன் இதைப் பேச வேண்டும்? ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பதில் தேடுவோம். நம் வீட்டில் தினமும் கிழித்துப் போடுகிற பால் கவர்.

அடுப்படியில் தொடங்குகிற புகை

நம்மில் பல பேர் வீட்டில் கேஸ் வந்துவிட்டது. ஆனாலும் வெந்நீர் போட, நெல் அவிக்க, மாட்டுக்குக் கஞ்சி காய்ச்ச விறகு அடுப்புதான். மழைநாளில் விறகு ஈரமாக இருந்தால் என்ன செய்கிறோம்? ஒரு பாலிதீன் பையைச் சுருட்டிக் கொளுத்தி உள்ளே வைக்கிறோம். சட்டென்று பற்றிக்கொள்ளும். சொட்டுச் சொட்டாக உருகி விழும், கறுப்பாகப் புகை வரும், தொண்டை கமறும். தெருவில் கூட்டிய குப்பையையும் சாயந்திரம் மூலையில் குவித்து ஒரு தீக்குச்சி. ஊர் சுத்தமாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கிறோம்.

உண்மையில் குப்பை போகவில்லை சகோதரிகளே, புகையாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பலவகைப் பிளாஸ்டிக்கும் மற்றக் குப்பையும் கலந்து குறைந்த சூட்டில் எரியும்போது டையாக்சின் என்ற நச்சு உண்டாகிறது. அது காற்றோடு போய்ப் புல்லில் படிகிறது. புல்லை மாடு மேய்கிறது. அந்த நச்சு கொழுப்பில் தங்கும் குணம் உடையது. அதனால் மாட்டுப் பாலுக்கு வருகிறது, தாய்ப்பாலுக்கும் வருகிறது. புகைக்குப் பக்கத்தில் முதலில் நிற்பது யார்? அடுப்பு ஊதுகிற நாமும் நம் இடுப்பில் இருக்கிற பிள்ளையும்தான்.

எரிக்காமல் விட்டாலும் தொல்லைதான். கண்மாய் மடையில் அடைத்துக்கொள்ளும். வாய்க்காலில் தண்ணீர் போகாது. சோற்று வாசனைக்கு மாடு பையோடு சேர்த்துத் தின்றுவிடும். வயிறு உப்பிச் செத்த மாட்டை அறுத்துப் பார்த்தால் உள்ளே பை பையாக இருக்கும். மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கத்துச் சகோதரிகளைக் கேளுங்கள், கடலில் வலை இழுத்தால் மீனோடு கவரும் வருகிறது என்பார்கள்.

எரித்தால் நச்சு, எறிந்தால் மாட்டுக்குச் சாவு. புதைத்தால் மண்ணில் மழைநீர் இறங்காது. இந்த இடத்தில்தான் தொழில்நுட்பம் வருகிறது.

மதுரையில் ஒரு பேராசிரியர்

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர் இராஜகோபாலன் வாசுதேவன். பிளாஸ்டிக் பை கூடாது, தடை செய் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், ஏற்கெனவே குவிந்து கிடக்கிற பிளாஸ்டிக்கை என்ன செய்வது என்று அவர் யோசித்தார். தார் என்பது பெட்ரோலிய எண்ணெயிலிருந்து வருவது. பாலிதீனும் அங்கிருந்துதான் வருகிறது. இரண்டும் உறவுக்காரர்கள். அப்படியானால் இரண்டையும் சேர்த்து ரோடு போட்டால் என்ன?

அவர் கண்ட முறை நம் சமையல் மாதிரிதான். பிளாஸ்டிக்கைச் சுத்தம் செய்து, காயவைத்து, மெஷினில் போட்டுச் சீரகம், சோம்பு அளவுக்கு, அதாவது 2 முதல் 4 மில்லிமீட்டர் வரைக்கும் பொடியாக நறுக்க வேண்டும். ரோட்டுக்குப் போடும் ஜல்லியைத் தார் கலவை மெஷினில் 160, 170 டிகிரி வரைக்கும் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டு ஜல்லியில் பிளாஸ்டிக் பொடியைத் தூவினால், அரை நிமிடத்துக்குள் உருகி, ஒவ்வொரு கல்லின் மேலும் எண்ணெய் பூசின மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு தாரைக் கலக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதனால் என்ன லாபம்? ரோடு ஏன் குண்டும் குழியுமாகிறது? மழைத் தண்ணீர் கல்லுக்கும் தாருக்கும் நடுவில் இறங்கிப் பிடிப்பை விடுவித்துவிடுகிறது. பிளாஸ்டிக் பூச்சு உள்ள கல்லில் தண்ணீர் இறங்குவது குறைவு. தாரும் கொஞ்சம் மிச்சமாகிறது. புதிதாகப் பெரிய தொழிற்சாலை கட்ட வேண்டியதில்லை. இருக்கிற தார் கலவை மெஷினிலேயே செய்யலாம்.

2002ல் இந்த முறையில் ரோடு போட்டுப் பார்த்தார்கள். சென்னை நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெரு அந்த ஆண்டில் போட்ட முதல் ரோடுகளில் ஒன்று. 2006ல் கல்லூரிக்கு இதற்கான காப்புரிமை கிடைத்தது. 2013ல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு இதற்கு விதிமுறை வெளியிட்டது. 2015 நவம்பரில், பெரிய நகரங்களைச் சுற்றிப் போடும் தார் ரோடுகளில் கழிவுப் பிளாஸ்டிக்கைச் சேர்க்க வேண்டும் என்று மத்திய அரசு சொன்னது. பேராசிரியருக்கு 2018ல் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள்.

இதைக் கேட்டதும் நமக்கு ஒரு பெருமை வர வேண்டும். அந்த ரோட்டுக்குத் தாரோடு சேர வேண்டியது இரண்டு சாமான்: ஒன்று ஜல்லி, இன்னொன்று பிரித்துச் சுத்தமாக்கின பிளாஸ்டிக். ஜல்லி உடைக்கிற வேலை நம் புதுக்கோட்டைப் பெண்களுக்குத் தெரியாததா? 1990களின் தொடக்கத்தில் கல் குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்துப் பெண்கள் குழுவாகவே நடத்திக் காட்டிய மாவட்டம் இது. பிளாஸ்டிக் பிரிக்கிற வேலையும் தமிழ்நாட்டில் பல இடங்களில் மகளிர் குழுக்கள் கையில்தான் வந்து சேர்ந்தது. வீடு வீடாகச் சேர்த்து, மெஷினில் நறுக்கி, ஊரக வளர்ச்சித் துறை ரோடுகளுக்குக் கிலோக் கணக்கில் கொடுத்திருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

குழுக் கணக்கு எழுதுகிறவர்கள் நாம். இதையும் எழுதிப் பார்ப்போம். ஒரு வழி ரோடு, சுமார் பன்னிரண்டு அடி அகலம், ஒரு கிலோமீட்டர் நீளம் போட ஏறத்தாழ 10 டன் தார் ஆகும். அதில் ஒரு டன்னுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் போடலாம். ஒரு டன் என்றால் ஆயிரம் கிலோ. ஒரு கவர் 5 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டன்னுக்கு 2 லட்சம் கவர்.

மலைப்பாக இருக்கிறதா? 300 வீடு உள்ள ஊரில் ஒரு வீட்டுக்குத் தினம் இரண்டு கவர் என்று போடுங்கள். தினம் 600. மாதம் 18 ஆயிரம். பதினோரு மாதத்தில் 2 லட்சம் வந்துவிடுகிறது. அதாவது ஒரு ஊர் ஒரு வருடம் எரிக்கிற கவர், ஒரு கிலோமீட்டர் ரோட்டுக்குப் போதும்.

எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒண்ணு இல்லை

இங்கேதான் முக்கியமான விஷயம். மெஷினுக்குக் கண் கிடையாது. எதைப் போட்டாலும் நறுக்கும். எது போகலாம், எது போகக்கூடாது என்று பார்க்க வேண்டியது மனுஷக் கண்ணும் கையும்தான்.

பால் கவர், எண்ணெய்க் கவர், மளிகைக் கடைப் பை இவையெல்லாம் பாலிதீன் வகை. ரோட்டுக்கு ஆகும். கழுவிக் காய வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சாம்பார் ஒட்டிய பை ஆகாது.

கட்சிக்கூட்டம், காதுகுத்து, கல்யாணம் என்று ரோட்டோரம் நிறுத்துகிறார்களே ஃபிளக்ஸ் பேனர், அது பெரும்பாலும் பி.வி.சி. வகை. பிளம்பிங் பைப்பும் அதேதான். அதில் குளோரின் இருக்கிறது. சூட்டு ஜல்லியில் விழுந்தால் அமில வாயு கிளம்பும். ரோடு போடுகிற தொழிலாளியின் மூச்சில்தான் அது போகும். ஒரு பேனர் தவறிக் கலந்தாலும் கெடுதல். அதனால் பி.வி.சி. கூடவே கூடாது என்று விதியே இருக்கிறது. கான்ட்ராக்டரும் சூட்டை இஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது. 270 டிகிரிக்கு மேலே போனால் நல்ல பிளாஸ்டிக்கும் சிதைந்து வாயுவாகும்.

தண்ணீர் பாட்டில், குடம், வாளி, உடைந்த நாற்காலி இதையெல்லாம் பழைய இரும்புக்காரர் காசு கொடுத்து எடுத்துக்கொள்வார். அதை ரோட்டுக்குக் கொடுப்பது நஷ்டம். மறுசுழற்சி செய்து மறுபடி பொருளாக்கலாம்.

மிஞ்சுவது என்ன? சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே. உள்ளே வெள்ளி மாதிரிப் பளபளக்கும். இரண்டு மூன்று பொருளை ஒட்டிச் செய்தது. பழைய இரும்புக்காரர் தொடவே மாட்டார். இந்த மாதிரிக் கழிவைப் பல ஊராட்சிகளும் நகராட்சிகளும் கட்டாகக் கட்டிச் சிமெண்ட் ஆலைக்கு அனுப்புகிறார்கள். நமக்குப் பக்கத்தில் அரியலூரில் ஆலைகள் இருக்கின்றன. சிமெண்ட் சூளைக்குள் 1,400 டிகிரிக்கு மேல் சூடு. நம் தெரு மூலை நெருப்பில் அரைகுறையாக எரிவது அங்கே முழுசாக எரிந்துவிடும். சாம்பலும் சிமெண்டிலேயே சேர்ந்துவிடும். அந்த அளவுக்கு நிலக்கரி மிச்சம்.

அதற்காகச் சிமெண்ட் ஆலை சுத்தமான தொழில் என்று சொல்ல வரவில்லை. தூசியும், சுண்ணாம்புக்கல் தோண்டிய பெரிய பெரிய குழிகளும் அரியலூர்ப் பக்கத்து மக்களுக்குத்தான் தெரியும். புகைபோக்கியில் என்ன வருகிறது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஒரு கேட்டைக் குறைக்கிறேன் என்று இன்னொரு ஊரின் தலையில் கட்டக்கூடாது.

திருப்பூர் சொல்லும் பாடம்

"தொழில்நுட்பம் இருந்தா கம்பெனிக்காரங்க தானா செய்ய மாட்டாங்களா?" என்று கேட்கலாம். தானாக நடப்பது அபூர்வம். இதற்குத் திருப்பூரைப் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்திலிருந்து எத்தனை பிள்ளைகள் அங்கே பனியன் கம்பெனிக்குப் போயிருக்கிறார்கள், உங்களுக்கே தெரியும்.

பனியன் துணிக்குச் சாயம் ஏற்ற ஏராளமான உப்பும் தண்ணீரும் வேண்டும். சாயப்பட்டறைகள் அந்த உப்புத் தண்ணீரைப் பல வருடம் நொய்யல் ஆற்றில் விட்டன. விவசாயத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுத் தொட்டியாக மாறியது. கீழே இருக்கிற கிராமங்களில் கிணறு உப்பாகி, தென்னையும் மஞ்சளும் கருகின. அணையில் தண்ணீர் நிறைந்தால் சந்தோஷப்பட வேண்டிய விவசாயி, தண்ணீரைத் திறந்துவிடாதே என்று கேட்கும் நிலை வந்தது.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீர் கூட வெளியே விடக்கூடாது என்று 2006ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அப்படியும் முழுசாக நடக்கவில்லை. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. 700க்கும் மேல் பட்டறைகள் நின்றன. வேலை போய்ப் பல குடும்பங்கள் கஷ்டப்பட்டன. அதையும் மறக்கக் கூடாது.

அதன் பிறகுதான் தொழில்நுட்பம் முழுசாக வந்தது. சாயத் தண்ணீரை முதலில் தெளிய வைக்கிறார்கள். பிறகு மெல்லிய சவ்வு வழியாக அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரிக்கிறார்கள். நம் ஊர்களில் ஆர்.ஓ. தண்ணீர் எடுக்கிறார்களே, அதே முறைதான், பெரிய அளவில். மிஞ்சும் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி உப்பையும் எடுத்துவிடுகிறார்கள். தண்ணீரில் 90 சதவீதத்துக்கு மேல் திரும்பச் சாயத்துக்கே பயன்படுகிறது. உப்பும் திரும்பப் பயன்படுகிறது. செலவு அதிகம், மின்சாரம் நிறைய வேண்டும், கடைசியில் மிஞ்சும் கசடை எங்கே வைப்பது என்ற பிரச்சினையும் இருக்கிறது. ஆனாலும் ஆற்றில் விட்டால்தான் சாயத்தொழில் நடக்கும் என்று சொன்னதெல்லாம் பொய்யாகிவிட்டது.

இதில் நமக்கு என்ன பாடம்? சவ்வு மெஷின் 2011க்கு முன்னாலும் உலகத்தில் இருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் விடாமல் கேட்ட பிறகுதான் அது நொய்யல் கரைக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது.

கம்பெனிக்கும் பங்கு உண்டு

பிளாஸ்டிக்கிலும் அப்படித்தான். குப்பையைப் பற்றிப் பேசினாலே, "பொம்பளைங்க கண்ட இடத்துல போடுறாங்க" என்று முடித்துவிடுவார்கள். ஒரு ரூபாய் ஷாம்புவைச் சாஷேயில் அடைத்து விற்றது நாமா? 2016ம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளிலும், 2022 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதலிலும் ஒன்று தெளிவாக இருக்கிறது. உறையில் அடைத்து விற்கும் கம்பெனிதான் அந்த உறையைத் திரும்பச் சேகரிக்கவும், மறுசுழற்சிக்கோ முறையான அழிப்புக்கோ அனுப்பவும் பொறுப்பு. கம்பெனி நேரடியாக வராது. கழிவைப் பயன்படுத்தும் ஆலைகள் கொடுக்கும் சான்றிதழை வாங்கிக் கணக்குக் காட்டும். ஆக, அந்தக் கவருக்குப் பின்னால் பணம் நகர்கிறது.

அந்தப் பணம் யாரிடம் போகிறது? ஆலைக்கு, ஏஜென்சிக்கு, லாரிக்கு. வெயிலில் உட்கார்ந்து பேனரையும் பால் கவரையும் பிரித்துப் போட்ட கைக்கு வருகிறதா? ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் வரும். எழுதவில்லை என்றால் வராது.

பிரிக்கிற கைக்குக் கூலி

இதை இன்றைக்கு அழுத்திச் சொல்லவே வந்தோம். சுற்றுச்சூழல் என்று சொன்னதும், அது பெண்களின் சேவை, புண்ணியம் என்று ஆக்கிவிடுகிறார்கள். நம் வீட்டுக் குப்பையைப் பிரிப்பது நம் கடமை. அதற்குக் கூலி கேட்க வேண்டாம். ஊர்க் குப்பையைப் பிரிப்பது வேலை. அதற்குக் கூலி உண்டு, கையுறை உண்டு, முகக்கவசம் உண்டு. ஊராட்சியில் வண்டி தள்ளிக்கொண்டு வருகிற தூய்மைக் காவலர் அக்காவைப் பாருங்கள். நாம் நாப்கினையும் உடைந்த கண்ணாடியையும் சோற்றையும் ஒரே பையில் கட்டிக் கொடுத்தால், அதை வெறுங்கையில் அவிழ்ப்பது அவர்தான். அவரும் நம் குழு உறுப்பினர்தானே?

இன்னொன்று. "மெஷின் தர்றோம், குழு எடுத்து நடத்துங்க" என்று யாராவது வந்தால் உடனே சந்தோஷப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒரு ஊரில் நறுக்கும் மெஷின் வந்து, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்தார்கள். நறுக்கின பொடியை வாங்க ஆள் இல்லை. மூட்டை மூட்டையாகக் கிடந்து, கடைசியில் கொட்டகையைப் பூட்டிவிட்டார்கள். மெஷினில் பழுது எதுவும் இல்லை. வாங்குபவர் யார் என்று முதலில் கேட்காததுதான் பழுது.

அதனால் கூட்டத்தில் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். கிலோவுக்கு என்ன விலை, வாங்குவது யார், எழுத்தில் உண்டா? லாரி வாடகை யாருடையது? கரண்ட் பில் யார் கட்டுவது? பிளேடு மழுங்கினால் மாற்றுவது யார்? கொட்டகைக்குத் தீயணைப்பு ஏற்பாடு இருக்கிறதா? நறுக்கும்போது விரலில் பட்டால் வைத்தியச் செலவு யாருடையது? இதற்கெல்லாம் பதில் எழுத்தில் வரும் வரைக்கும் மெஷினுக்காக வங்கிக் கடன் வாங்க வேண்டாம். கறவை மாடு வாங்கும்போது பால் ஊற்றும் சொசைட்டி பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துத்தானே வாங்குகிறோம்?

முதலில் குறைப்போம்

ஒரு தங்கச்சி கேட்டது: "ரோட்டுக்குத்தான் போயிருமே, அப்ப நிறைய வாங்கலாமா மேடம்?" அப்படி இல்லைப்பா. வீட்டில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஒழுகினால், சட்டி வைத்துப் பிடிப்போம். சட்டி இருக்கிறதே என்று ஓட்டையைப் பெரிசாக்குவோமா? ரோடும் சிமெண்ட் சூளையும் அந்தச் சட்டிதான். ஓட்டையை அடைக்க வேறு வேலை இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை உபயோகிக்கும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. கேரி பேக், கப், தட்டு, உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட் எல்லாம் அதில் வரும். பால், எண்ணெய்க் கவருக்கு விலக்கு. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. சட்டம் இருந்தும் சந்தையில் கேரி பேக் தொங்குகிறது என்றால், மாற்றுப் பொருள் கை எட்டும் தூரத்தில் இல்லை என்று அர்த்தம். அது நமக்குத் தொழில் வாய்ப்பு. தையல் தெரிந்த குழுக்கள் துணிப்பை தைக்கலாம். பாக்குமட்டைத் தட்டு, மந்தாரை இலை தைப்பது, பனை ஓலைப் பெட்டி, கொட்டான் முடைவது எல்லாம் நம் பக்கத்து வேலைதான். கீரமங்கலம் பூவும் ஆலங்குடிப் பலாவும் பாலிதீனில்தான் போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

அடுப்பு பற்ற வைக்கப் பாலிதீன் வேண்டாம். தென்னஞ்சில்லாட்டை, காய்ந்த ஓலை, தேங்காய் மட்டை நார் இருக்கிறது. மழைக்கு முன்னால் ஒரு சாக்கில் அடைத்து அடுப்படிப் பரணில் போட்டு வையுங்கள். இன்னொரு தகவல்: குப்பையைத் திறந்த வெளியில் எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016ல் உத்தரவிட்டது. அபராதத்துக்குப் பயந்து இல்லை, பிள்ளைக்காக நிறுத்துவோம்.

தீர்மான நோட்டில் எழுத வேண்டியது

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த நாலு விஷயத்தைப் பேசித் தீர்மானமாக எழுதிக்கொண்டு வாருங்கள்.

ஒன்று: நம் உறுப்பினர் வீடுகளில் பாலிதீன் எரிப்பதில்லை. பால் கவரை மூலையைத் தனித் துண்டாக வெட்டாமல் கிழித்து, கழுவி, கொடியில் காயவைத்து, தனிச் சாக்கில் போடுவது. வெட்டின துண்டு கையில் சிக்காது, மாட்டு வயிற்றில்தான் சிக்கும்.

இரண்டு: வீட்டில் மூன்றாகப் பிரிப்பது. மக்கும் குப்பை எருக்குழிக்கு, மக்காத குப்பை சாக்குக்கு, நாப்கினும் கண்ணாடியும் பேப்பரில் சுற்றி அடையாளத்தோடு தனியாக.

மூன்று: கிராம சபையில் கேள்வி கேட்பது. நம் ஊராட்சியில் சேர்கிற பிளாஸ்டிக் எங்கே போகிறது? எத்தனை கிலோ போனது, எவ்வளவு பணம் வந்தது? நம் ஊருக்குப் போடப்போகும் ரோட்டில் பிளாஸ்டிக் கலக்கிறார்களா? தூய்மைக் காவலருக்குக் கையுறை கொடுத்தாச்சா? வாயால் கேட்டால் காற்றோடு போய்விடும். மனுவாக எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

நான்கு: ஒன்றிய அளவில் ஐந்தாறு குழுக்கள் சேர்ந்து சேகரித்தால் அளவு தேறும், விலை பேசலாம். தனித்தனியாக நின்றால் ஏஜென்ட் சொன்னதுதான் விலை. இதைக் கூட்டமைப்பே முன்னின்று பேச வேண்டும் என்று எங்களுக்குத் தீர்மானம் அனுப்புங்கள்.

முன்வரிசை அம்மாவின் கேள்விக்கு இப்போது பதில் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறோம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது நம் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அன்றைக்கு அதையும் "பொம்பளைக்கு எதுக்கு?" என்றுதான் கேட்டார்கள். சைக்கிளைக் கண்டுபிடித்தவர் யாரோ, செய்த கம்பெனி எங்கேயோ. மிதித்தது நம் கால். ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் தண்ணீருக்கும் யார் துணையும் இல்லாமல் போய் வந்தோம். மெஷின் எங்கிருந்து வந்தாலும், அதை எதற்கு, எப்படி, யாருக்கு லாபமாக ஓட்டுவது என்பதில் நம் வாக்கும் இருக்க வேண்டும். மதுரைப் பேராசிரியரின் மெஷினும் அப்படித்தான். நாம் பிரித்துக் கொடுக்காமல் அது ஓடாது. அதனால் பிரிப்போம், கணக்குக் கேட்போம், கூலியும் கேட்போம்.

சாப்பாடு தயாராகிவிட்டது என்கிறார்கள். இலையில்தான் பரிமாறுகிறார்கள், தண்ணீர் எவர்சில்வர் டம்ளரில். ஏற்பாடு செய்த குழுவுக்குக் கை தட்டுங்கள்.